மேற்கு வங்க பஞ்சாயத்துத் தேர்தலும் 11 லட்சம் வீடுகளும்: பட்டியல் யாரிடம், பணம் யாரிடம், ஜில்லா பரிஷத்துக்கு என்ன வேலை?

கொல்கத்தாவின் காளிகாட் பகுதியில், ஹரிஷ் சாட்டர்ஜி தெருவில், ஆதிகங்கைக் கால்வாயை ஒட்டி ஓட்டுக்கூரை போட்ட வீடு ஒன்று இருக்கிறது. மம்தா பானர்ஜியின் வீடு. வங்க அரசியல் செய்திகளில் 'காளிகாட்' என்று வந்தால், பெரும்பாலும் அது காளி கோயிலைக் குறிக்காது; இந்த வீட்டைத்தான் குறிக்கும்.

2023 ஜூலை 8 அன்று மேற்கு வங்கத்தில் பஞ்சாயத்துத் தேர்தல் நடந்தது. ஆனால் காளிகாட்வாசிகளுக்கு அதில் ஓட்டே கிடையாது. கொல்கத்தா மாவட்டம் முழுக்க மாநகராட்சி. 144 வார்டுகள் உண்டு, ஆனால் ஒரு கிராமப் பஞ்சாயத்துகூட இல்லை. அதனால் ஜில்லா பரிஷத்தும் இல்லை.

ஓட்டு இல்லாத இந்தப் பகுதியிலும், டெல்லியில் மத்திய ஊரக வளர்ச்சித் துறை அப்போது இயங்கிய கிருஷி பவனிலும் எடுக்கப்பட்ட முடிவுகள்தான் அந்தத் தேர்தலின் பெரிய கேள்வி ஒன்றைத் தீர்மானித்தன. 11,36,488 கிராமக் குடும்பங்களுக்கு வீடு கட்டப் பணம் வருமா, வராதா?

ஓட்டுக் கேட்டவர்கள் வீட்டைப் பற்றிப் பேசினார்கள். ஆனால் ஓட்டு வாங்கி ஜெயித்தவர்கள் கையில் அந்த வீட்டைத் தரும் அதிகாரம் எவ்வளவு இருந்தது? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில், எது எதற்கு ஓட்டு?

மேற்கு வங்கத்தில் மூன்று அடுக்கு. கீழே கிராமப் பஞ்சாயத்து, நடுவில் பஞ்சாயத்து சமிதி, மேலே ஜில்லா பரிஷத். தமிழ்நாட்டுக் கணக்கில் சொன்னால் கிராம ஊராட்சி, ஊராட்சி ஒன்றியம், மாவட்ட ஊராட்சி. ஜில்லா பரிஷத் தலைவரை அங்கே 'சபாதிபதி' என்பார்கள்.

ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. தமிழ்நாட்டில் ஊராட்சித் தலைவர், வார்டு உறுப்பினர் பதவிகளுக்குக் கட்சிச் சின்னம் கிடையாது. மேற்கு வங்கத்தில் 1978 தேர்தலிலிருந்தே மூன்று அடுக்குக்கும் கட்சிச் சின்னத்தில்தான் போட்டி. உங்கள் தெருவுக்கான உறுப்பினரும் ஒரு கட்சியின் ஆள்தான்.

2023 தேர்தலில் மொத்த இடங்கள் 73,887. பிரித்துப் பார்த்தால்:

- கிராமப் பஞ்சாயத்து: 63,229
- பஞ்சாயத்து சமிதி: 9,730
- ஜில்லா பரிஷத்: 928 (20 மாவட்டங்களில்)

டார்ஜிலிங், காலிம்போங் மலைப் பகுதியில் இரண்டு அடுக்கு மட்டும்தான். அங்கே ஜில்லா பரிஷத் தேர்தல் இல்லை.

வீட்டுத் திட்டம் எப்படி வேலை செய்யுது?

பழைய இந்திரா ஆவாஸ் யோஜனாவுக்குப் பதிலாக 2016-ல் வந்தது பிரதமர் ஆவாஸ் யோஜனா - கிராமப்புறம். குடிசையிலோ மண் வீட்டிலோ இருக்கும் குடும்பத்துக்கு, குறைந்தது 25 சதுர மீட்டரில் ஒரு கல் வீடு கட்ட அரசு பணம் தரும். சமவெளியில் 1.20 லட்சம் ரூபாய், மலைப்பகுதி போன்ற இடங்களில் 1.30 லட்சம்.

மேற்கு வங்கம் போன்ற மாநிலங்களில் செலவு 60:40 என்று பிரியும். அதாவது 1.20 லட்சத்தில் மத்திய அரசு 72,000, மாநில அரசு 48,000. இதோடு 100 நாள் வேலைத் திட்டத்தில், சொந்த வீட்டைக் கட்டும் வேலைக்கே 90 நாள் கூலியும் இருந்தது.

கொஞ்சம் கணக்குப் போடுங்க. 25 சதுர மீட்டர் என்றால் சுமார் 269 சதுர அடி. 1.20 லட்சத்தை அதால் வகுத்தால் சதுர அடிக்கு 446 ரூபாய்தான் வருது. 2016-ல் வைத்த அந்த 1.20 லட்சம், 2024 ஆகஸ்டில் திட்டம் மேலும் 5 ஆண்டுகளுக்கு நீட்டிக்கப்பட்டபோதும் மாறவில்லை.

யாருக்கு வீடு என்பது இரண்டு பட்டியல்களிலிருந்து வந்தது. ஒன்று, 2011 சமூகப் பொருளாதார சாதிவாரிக் கணக்கெடுப்பு. மற்றொன்று, அதில் விடுபட்டவர்களுக்காக 2018-19ல் எடுத்த 'ஆவாஸ் பிளஸ்' கணக்கெடுப்பு. பட்டியலில் பேர் இருந்தால் மட்டும் போதாது. கிராம சபையில் சரிபார்க்கணும். ஏற்கெனவே கல் வீடு, கார், குறிப்பிட்ட வருமானத்துக்கு மேல் சம்பாத்தியம் இருந்தால் பேரை நீக்கணும். அதன்பிறகு வீடு கட்டக் கட்ட, போட்டோ பதிவேற்றப்பட்டு, பணம் தவணை தவணையாக வங்கிக் கணக்குக்கே நேரடியாக வரும்.

அப்புறம் பணம் ஏன் நின்றது?

சண்டை பெயரில் தொடங்கியது. மாநில அரசு இதே திட்டத்தை 'பங்ளா ஆவாஸ் யோஜனா' என்ற பெயரில் நடத்தியது. 40 சதவீதம் நாங்கள் தருகிறோமே என்பது மாநிலத்தின் வாதம். மத்தியத் திட்டத்தின் பெயரை மாற்றக் கூடாது, பட்டியலிலும் முறைகேடு இருக்கிறது என்பது மத்திய அரசின் வாதம். நிதி நின்றது.

பெயர்ப் பிரச்சனை தீர்ந்த பிறகு, 2022 நவம்பர் 24 அன்று மத்திய அரசு 11,36,488 வீடுகளுக்கு இலக்கு ஒதுக்கியது. மத்தியப் பங்கு மட்டும் சுமார் 8,200 கோடி ரூபாய். டிசம்பர் 31-க்குள் பயனாளிகளை இறுதி செய்ய வேண்டும் என்று கெடு. அவ்வளவு பெரிய பட்டியலை ஒரு மாதத்துக்குள் வீடு வீடாகப் போய்ச் சரிபார்க்கணும். ஆஷா பணியாளர்களும் அங்கன்வாடிப் பணியாளர்களும் அந்த வேலையில் இறக்கப்பட்டார்கள்.

அங்கேதான் பட்டியலின் லட்சணம் வெளியே வந்தது. மாடி வீட்டுக்காரர்கள் பேர் இருக்கு, மண் வீட்டுக்காரர் பேர் இல்லை என்று பல மாவட்டங்களில் மக்கள் பஞ்சாயத்து அலுவலகங்களை முற்றுகையிட்டார்கள். 'பேரை ஏன் நீக்கினாய்' என்று மிரட்டல் வருகிறது எனக் கணக்கெடுக்கப் போன ஆஷா, அங்கன்வாடிப் பெண்களே போராடினார்கள். 2023 ஜனவரியில் மத்தியக் குழுக்கள் ஆய்வுக்கு வந்தன.

பணம் வந்துச்சா? வரல.

இன்னொரு அடியும் சேர்ந்தது. 2022 மார்ச்சிலிருந்தே 100 நாள் வேலைத் திட்ட நிதியை, அந்தச் சட்டத்தின் 27-வது பிரிவின் கீழ் மத்திய அரசு மேற்கு வங்கத்துக்கு நிறுத்தி வைத்திருந்தது. அதனால் வீட்டோடு வர வேண்டிய 90 நாள் கூலிக்கும் வழியில்லை. 2023-24ல் மாநிலத்தின் தினக்கூலி 237 ரூபாய். 90 நாளைக்குச் சுமார் 21,000.

ஒரு உறுப்பினர் பின்னால் எத்தனை வீடு?

11,36,488 வீடுகளை, தேர்தல் நடந்த 63,229 கிராமப் பஞ்சாயத்து இடங்களால் வகுத்துப் பாருங்கள். ஒரு இடத்துக்குச் சராசரியாக 18 வீடு. ஜில்லா பரிஷத் என்றால் ஒரு இடத்துக்கு 1,225 வீடு.

கிராம வார்டில் சில வாக்குகள்கூட முடிவை மாற்றும். அங்கே 18 குடும்பம் என்பது சின்ன எண் இல்லை. பட்டியலில் பேர் ஏறுவதும் இறங்குவதும் ஏன் உள்ளூர் அரசியலின் உயிர்நாடியாக இருக்கிறது என்பது இந்த வகுத்தலிலேயே தெரியும்.

இது புதுக் கதையும் இல்லை. 2019 ஜூனில் மம்தாவே தன் கட்சிக்காரர்களிடம், திட்டங்களில் வாங்கிய 'கட் மணி'யை, அதாவது கமிஷனை, மக்களிடம் திருப்பிக் கொடுக்கச் சொன்னார். 2020 மே மாதம் ஆம்பன் புயல் அடித்த பிறகு, இடிந்த வீட்டுக்கு மாநில அரசு தந்த 20,000 ரூபாய்ப் பட்டியலிலும் இதே புகார் வந்தது. கல்கத்தா உயர் நீதிமன்றம் அதைத் தணிக்கை செய்யச் சொல்லும் அளவுக்கு விவகாரம் போனது.

தேர்தலில் யார் என்ன சொன்னார்கள்?

திரிணாமூல் காங்கிரஸின் பேச்சு ஒன்றுதான்: டெல்லி நம் பணத்தை மறிக்கிறது. அபிஷேக் பானர்ஜி 2023 ஏப்ரல் 25 அன்று கூச் பெஹாரில் தொடங்கிய 'நபோ ஜோவார்' பயணம் முழுக்க, 100 நாள் வேலைக் கூலியும் வீட்டுப் பணமும்தான் மையம்.

பாஜக திருப்பிக் கேட்டது: பணத்தை நிறுத்தியது ஏன்? நீங்கள் பட்டியலில் திருடினீர்கள், அதனால். மார்க்சிஸ்ட் கட்சியோ 2022 இறுதியிலிருந்தே 'கிராமத்தை எழுப்பு, திருடனை விரட்டு' என்று பிரசாரம் செய்தது. மத்திய அரசு நிதியை மறிப்பதையும் சேர்த்துக் கண்டித்தது.

இரண்டு குற்றச்சாட்டுக்கும் ஆதாரம் இருந்தது என்பதுதான் வாக்காளரின் சங்கடம். பட்டியலில் தப்பு இருந்தது. ஆனால் தகுதியில்லாதவரை நீக்கிவிட்டு மற்றவர்களுக்குப் பணம் தரவும் வழி இருந்தது. தப்புச் செய்தவருக்கு விழ வேண்டிய அடி, பட்டியலில் நியாயமாக இடம்பிடித்தவர்கள் மேலும் விழுந்தது.

சரி, ஜில்லா பரிஷத் கையில் என்னதான் இருக்கு?

வீட்டு விஷயத்தில் அதிகாரம் இப்படிப் பிரிந்திருக்கிறது:

- எந்த மாநிலத்துக்கு எத்தனை வீடு: மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகம்
- பணத்தை விடுவிப்பது: மத்திய அரசும் மாநில அரசும்
- பட்டியலைச் சரிபார்ப்பது: கிராம அளவில், வட்டார நிர்வாகத்தின் மேற்பார்வையில்
- பேர் விடுபட்டால் மேல்முறையீடு: மாவட்ட ஆட்சியர் அளவிலான குழு

பணம் உச்சியில், பட்டியல் அடியில். நடுவில் நிற்கிற ஜில்லா பரிஷத்துக்கு மேற்பார்வை வேலைதான் மிச்சம். அதிலும் மேற்கு வங்கத்தில் மாவட்ட ஆட்சியரே ஜில்லா பரிஷத்தின் நிர்வாக அதிகாரி. பிடிஓதான் பஞ்சாயத்து சமிதியின் நிர்வாக அதிகாரி. தேர்ந்தெடுக்கப்பட்டவர் தீர்மானம் போடலாம். கோப்பை நகர்த்துவது மாநில அரசின் அதிகாரி.

அப்படீன்னா ஜில்லா பரிஷத் சும்மாவா? இல்லை. அதன் பலம் வேறு இடத்தில் இருக்கு. அதுதான் திட்டமிடல்.

அரசியலமைப்பின் 243 இசட்டி பிரிவுப்படி ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு மாவட்டத் திட்டக் குழு வேண்டும். மேற்கு வங்கத்தில் 1994-ல் இதற்கென்று தனிச் சட்டம் வந்தது. அந்தக் குழுவுக்குத் தலைவர் சபாதிபதி. ஊரகச் சாலை எங்கே போகும், கிராமமும் நகரமும் தண்ணீரை எப்படிப் பங்கிடும், மாவட்டம் எந்தத் திசையில் வளரும் என்பதையெல்லாம் ஒரே வரைவுத் திட்டமாக்கும் பொறுப்பு அங்கே இருக்கு. கட்டட அனுமதியிலும் அப்படித்தான். ஊரகத்தில் சாதாரண வீட்டுக்குக் கிராமப் பஞ்சாயத்து அனுமதி தரும். கட்டடம் பெரிசாகப் பெரிசாக விவகாரம் மேல் அடுக்குக்குப் போகும்.

கொல்கத்தாவைச் சுற்றியுள்ள தெற்கு, வடக்கு 24 பர்கனா மாவட்டங்களில் இது சின்ன விஷயம் இல்லை. விளைநிலமும் மீன் வளர்ப்புக் குளமும் அடுக்குமாடியாக மாறுகிற இடங்கள் அங்கே ஏராளம். ஆனால் 2023 பிரசார மேடைகளில், வீட்டுப் பணத்துக்குக் கிடைத்த இடத்தில் கால்வாசிகூட இந்தக் கேள்விக்குக் கிடைக்கவில்லை.

நிலம் பேசிய தேர்தல் எது?

2008. அதற்கு முந்தைய ஆண்டு, ரசாயனத் தொழில் மையத்துக்காக நந்திகிராமில் நிலம் எடுக்கப்படும் என்று ஹல்தியா வளர்ச்சி ஆணையத்தின் அறிவிப்பு ஒன்று வெளியானது. ஊர் கொதித்தது. 2007 மார்ச் 14 அன்று நடந்த போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 14 பேர் இறந்தார்கள்.

அடுத்த ஆண்டு மே மாதம் பஞ்சாயத்துத் தேர்தல். 1978 முதல் கிராமங்களைக் கையில் வைத்திருந்த இடது முன்னணி, பூர்வ மேதினிபூர், தெற்கு 24 பர்கனா ஜில்லா பரிஷத்துகளை திரிணாமூலிடம் இழந்தது. மூன்று ஆண்டில், 2011-ல், மம்தா முதல்வரானார்.

அந்த வாக்காளர் கேட்டது 'எனக்கு வீடு தருவாயா' என்றல்ல. 'என் நிலத்தில் என்ன வரும் என்பதை யார் முடிவு செய்வது' என்பது. ஜில்லா பரிஷத் அடுக்கில் கேட்கவேண்டிய கேள்வி அதுதான்.

2023 முடிவு வீட்டைப் பற்றி என்ன சொல்லுது?

20 ஜில்லா பரிஷத்துகளையும் திரிணாமூலே பிடித்தது. 928 இடங்களில் 880. பாஜகவுக்கு 31, காங்கிரஸுக்கு 13, மார்க்சிஸ்ட் கட்சிக்கு 2.

'மக்கள் டெல்லியைத்தான் குற்றம் சொல்கிறார்கள்' என்று இதைப் படிக்கலாமா? அவசரப்படாதீங்க. மூன்று அடுக்கிலும் சேர்த்துச் சுமார் 9,000 இடங்களில் போட்டியே இல்லை. அது 12 சதவீதம். 2018-ல் இது மூன்றில் ஒரு பங்கைத் தாண்டியிருந்தது. வாக்குப்பதிவு நாளில் மட்டுமே பலர் கொல்லப்பட்டார்கள். 696 வாக்குச்சாவடிகளில் ஜூலை 10 அன்று மறுவாக்குப்பதிவு நடந்தது. இப்படி ஒரு தேர்தலின் எண்களை வைத்து, ஒரு கொள்கைக்கு மக்கள் சொன்ன தீர்ப்பு இது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. எந்தக் கட்சி சொன்னாலும் சரி.

தேர்தலுக்குப் பிறகு அந்த 11 லட்சம் பேர் என்ன ஆனார்கள்?

2023 அக்டோபர் 2, 3 தேதிகளில் திரிணாமூல் தலைவர்கள் டெல்லியில் போராடினார்கள். கிருஷி பவனில் உட்கார்ந்த அபிஷேக் உள்ளிட்டோரைப் போலீஸ் அப்புறப்படுத்தியது. பணம் வரவில்லை.

2024 பிப்ரவரியில் கொல்கத்தா ரெட் ரோடில் தர்ணா இருந்த மம்தா, 100 நாள் வேலைக் கூலிப் பாக்கியை மாநில அரசே தரும் என்றார். வீட்டுக்கும் அதே வழி. 2024 அக்டோபரில் பட்டியல் மறுபடி சரிபார்க்கப்பட்டது. மறுபடியும் புகார், மறுபடியும் முற்றுகை. டிசம்பர் 17 அன்று 'பங்ளார் பாரி' என்ற மாநிலத் திட்டத்தில் முதல் தவணை 60,000 ரூபாய், 12 லட்சம் குடும்பங்களுக்கு அனுப்பும் வேலை தொடங்கியது. மொத்தச் செலவு 14,773 கோடி ரூபாய் என்று அரசு அறிவித்தது. இரண்டாவது தவணை 2025-ல் வந்தது.

2022 டிசம்பரில் பட்டியல், 2024 டிசம்பரில் முதல் பணம். இடையில் இரண்டு மழைக்காலம். மண் சுவருக்கு இரண்டு மழைக்காலம் என்பது என்ன என்று கிராமத்தில் இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

இன்னொன்றையும் கவனிங்க. 60 சதவீதம் டெல்லி தர வேண்டிய செலவை மாநிலம் முழுக்கத் தன் தலையில் ஏற்றிக்கொண்டது. ஒவ்வொரு வீட்டிலும் அந்தக் கூடுதல் 72,000 ரூபாய், மாநிலத்தின் வேறு ஏதோ செலவிலிருந்தோ கடனிலிருந்தோதான் வரணும்.

தமிழ்நாட்டில் இருக்கும் உங்களுக்கு இதில் என்ன?

இங்கே வீட்டுத் தொகை அதிகம். 2024-25ல் தொடங்கிய 'கலைஞரின் கனவு இல்லம்' திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 3.50 லட்சம் ரூபாய், 360 சதுர அடி. சதுர அடிக்கு 972 ரூபாய். மேற்கு வங்கக் கணக்கைவிட இரண்டு மடங்குக்கு மேல். ஆனால் அதிகாரம் பிரிந்திருக்கும் விதம் ஏறக்குறைய அதேதான். பணம் கோட்டையிலிருந்து வரும், பட்டியல் ஊராட்சியில் முடிவாகும், மாவட்ட ஊராட்சிக் குழு நடுவில் நிற்கும்.

2019 டிசம்பரில் 27 மாவட்டங்களில் தேர்வான ஊரக உள்ளாட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்தது. பொறுப்பு தனி அலுவலர்களிடம் போனது. உறுப்பினரே இல்லாத ஊரில் பட்டியலைப் பற்றி யாரிடம் கேட்பது என்பது மேற்கு வங்கத்துக்கு மட்டுமான கேள்வி இல்லை.

ஓட்டுக் கேட்டு வருபவரிடம் என்ன கேக்கணும்?

கிராம அளவு வேட்பாளரிடம்: வீட்டுப் பட்டியலைப் பேரோடு பஞ்சாயத்துச் சுவரில் ஒட்டுவீர்களா? நீக்கிய பேருக்குக் காரணம் எழுதுவீர்களா? மேற்கு வங்கத்தில் வார்டு அளவிலான 'கிராம சன்சத்' மே, நவம்பர் மாதங்களில் கூட வேண்டும். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு 6 கிராம சபை. பட்டியலை அங்கே வாசிக்கச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை.

மாவட்ட அளவு வேட்பாளரிடம்: மாவட்டத் திட்டக் குழு கடைசியாக எப்போது கூடியது? எங்கள் பக்கத்து விளைநிலம் மனையாவதைத் தடுக்க என்ன வைத்திருக்கிறீர்கள்? நிலமே இல்லாத குடும்பத்துக்கு வீட்டுமனை எங்கே? கடைசிக் கேள்வி ரொம்ப முக்கியம். ஏன்னா, மனை இல்லாதவர் பேர் பட்டியலில் இருந்தாலும் வீடு கட்ட முடியாது. அவருக்கு நிலம் தரும் பொறுப்பு மாநில அரசுடையது.

'ஜெயித்தால் உங்களுக்கு வீடு' என்று ஜில்லா பரிஷத் வேட்பாளரோ மாவட்ட ஊராட்சி வேட்பாளரோ சொன்னால், எந்தத் திட்டத்தில், யாருடைய கையெழுத்தில் என்று கேளுங்கள். தன் அதிகாரத்தில் இல்லாததை வாக்குறுதி தருகிறாரா என்பது அந்தப் பதிலிலேயே தெரிந்துவிடும்.